டாஸ் போடுறவர் மட்டும்தான் கேப்டனா? ஊர் டீம் தலைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனவங்களுக்கு மரக்காணம் நல்லாவே ஞாபகம் இருக்கும். சாலையோரம் சதுரம் சதுரமா பாத்தி, வரப்பு ஓரத்துல குவிச்சு வெச்ச வெள்ளை வெளேர் உப்பு. கார்ல போறவங்க நிறுத்தி செல்ஃபி எடுத்துட்டுப் போவாங்க. அந்த உப்பளங்களுக்கும் கடலுக்கும் இடையில இருக்கிற ஊர்கள்ல, கோடைக்காலத்துக்கு ரெண்டு வேலை. பகல்ல உப்பு வாருறது. சாயங்காலம் டோர்னமென்ட்.

வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். பள்ளிக்கூடம் லீவு விடுறதும் அப்பதான். அதனால ஏப்ரல், மே மாசம் வந்தா கபடி, வாலிபால், டென்னிஸ் பால் கிரிக்கெட்னு ஊருக்கு ஊர் டீம் கிளம்பிடும். டீம் கிளம்பினதும் முதல் பஞ்சாயத்து ஒண்ணே ஒண்ணுதான்: ``யார்ரா கேப்டன்?''

பெரும்பாலும் என்ன நடக்கும்? நல்லா ஆடுறவர் கேப்டன். இல்லேன்னா பேட், பால் வாங்கிக் கொடுத்தவர் கேப்டன். அதுவும் இல்லேன்னா சத்தமா பேசுறவர் கேப்டன். இந்த மூணுல எதுவுமே ஒருத்தரைத் தலைவர் ஆக்காது. ஒரு விளையாட்டு அணியின் தலைவருக்கு என்ன குணம் வேணும், என்னென்ன பொறுப்பு இருக்குன்னு கொஞ்சம் விரிவா பார்ப்போம். உங்க ஊர்ல இந்த வருஷம் கேப்டன் நீங்கதான்னா, இதை முழுசா படிங்க.

விதிப்புத்தகம் என்ன சொல்லுது?

கேப்டன்னா டாஸ் போடுறவர், கோப்பை வாங்குறவர்னு நாம நினைக்கிறோம். விளையாட்டு விதிகள் அவர்மேல ஏத்தி வெச்சிருக்கிற சுமை அதைவிடப் பெருசு.

வாலிபாலை எடுத்துக்கோங்க. மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடி ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போடணும், டாஸுக்குப் போகணும். ஆட்டம் நடக்கும்போது நடுவர்கிட்ட பேச அனுமதி இருக்கிற ஒரே ஆட்டக்காரர் கேப்டன்தான். அதுவும் பந்து ஆட்டத்துல இல்லாத நேரத்துல மட்டும். மேட்ச் முடிஞ்சதும் நடுவர்களுக்கு நன்றி சொல்லி, மறுபடி கையெழுத்துப் போட்டு முடிவை ஏத்துக்கணும். தோத்தாலும்தான். டீம்ல இருக்கிறவங்க நடத்தைக்கும் கேப்டனும் பயிற்சியாளரும்தான் பொறுப்பு.

கிரிக்கெட் சட்டங்கள்லயும் இதே கதைதான். ஆட்டம் விதிப்படி மட்டும் நடந்தா போதாது, ஆட்டத்தின் மாண்புக்கு ஏத்த மாதிரியும் நடக்கணும். அதைப் பார்த்துக்க வேண்டிய பொறுப்பு கேப்டன்களுடையதுன்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு.

ஃபுட்பால் இன்னும் சுவாரஸ்யம். கையில பட்டை கட்டியிருக்கிற கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, ஆனா அணியின் நடத்தைக்கு அவருக்கு ஓரளவு பொறுப்பு உண்டுன்னு விதி சொல்லுது. சலுகை இல்லை, பொறுப்பு மட்டும் உண்டு! 2024 யூரோ கோப்பையில, முடிவை விளக்கச் சொல்லி நடுவர்கிட்ட கேப்டன் மட்டும்தான் போகலாம்னு கறாரா சொல்லிட்டாங்க. பத்துப் பேர் நடுவரைச் சூழ்ந்து கத்துற காட்சி அந்தத் தொடர்ல குறைஞ்சதுக்கு இதுதான் காரணம்.

மூணு விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தா விஷயம் புரியும். மத்தவங்க செய்யுறதுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியவர்தான் கேப்டன்.

நல்ல தலைவருக்கு என்ன குணம் வேணும்?

1. தன் ஆளுங்களைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும்

உப்பளத்து வேலை விடியறதுக்கு முன்னாடியே தொடங்கிடும். வெயில் மேல இருந்தும் அடிக்கும். வெள்ளை உப்புல பட்டுத் திரும்பி கீழ இருந்தும் அடிக்கும். உப்புத் தண்ணியில மணிக்கணக்கா நின்ன கால்ல வெடிப்பும் புண்ணும் இருக்கும். காலையில பாத்தியில நின்னுட்டு சாயங்காலம் ரெய்டு போக வர்ற பையனும், மதியம் வரைக்கும் வீட்டுல தூங்கிட்டு வர்ற காலேஜ் பையனும் ஒரே மாதிரி ஓட முடியாது. முந்தின நாள் ராத்திரி படகுல போயிட்டு வந்தவனுக்குத் தூக்கமே இருந்திருக்காது.

இதைத் தெரிஞ்சுக்காம ``என்னடா இன்னிக்கு டல்லா இருக்க''ன்னு எல்லார் முன்னாடியும் கத்துறவர், ஒரு நல்ல ஆட்டக்காரரை அன்னிக்கே இழந்துடுவார். யார் எங்க வேலைக்குப் போறாங்க, யார் சாப்பிடாம வந்திருக்காங்க, யார் வீட்டுல பிரச்னைன்னு கேப்டனுக்குத் தெரிஞ்சிருக்கணும். இதுக்குப் பெரிய உளவியல் படிப்பு எல்லாம் வேணாம். மேட்ச்சுக்கு அரை மணி நேரம் முன்னாடி வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசினா போதும்.

2. பதறக் கூடாது

இதுக்கு நம்ம ஊர்க்காரர் ஒருத்தரையே உதாரணமா சொல்லலாம். வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் இந்தியா 7-வது இடத்துக்குப் போயிருந்தது. அந்த அவமானத்துக்கு அப்புறம், பெரும்பாலும் ஒலிம்பிக்ஸே பார்த்திராத ஆட்டக்காரர்களை வெச்சுக்கிட்டு அவர் மாஸ்கோ போனார்.

1980 ஜூலை 29, ஸ்பெயினுக்கு எதிரா இறுதிப்போட்டி. இந்தியா 3-0னு முன்னிலை. `முடிஞ்சது'ன்னு நினைக்கிற நேரத்துல ஸ்பெயின் அடுத்தடுத்து ரெண்டு கோல் போட்டு 3-2. இந்தியா ஒண்ணு போட்டு 4-2. மறுபடி ஸ்பெயின் ஒண்ணு போட்டு 4-3. இந்த மாதிரி நேரத்துலதான் அணிகள் உடையும். இந்தியா உடையலை. கடைசி வரைக்கும் அந்த ஒரு கோல் வித்தியாசத்தைக் காப்பாத்தி தங்கம் வாங்குச்சு. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு அது 8-வது தங்கம். அதுக்கு அப்புறம் இதுவரைக்கும் வரலை.

அன்னிக்குக் கோல் போட்டவங்க பட்டியலைப் பாருங்க: சுரிந்தர் சிங் சோதி 2, கௌஷிக் 1, முகமது ஷாகித் 1. கேப்டன் பேரு அதுல இல்லை. ஹாஃப் பேக் இடத்துல ஆடுறவருக்கு, பின்னாடி தடுக்கிறதும் முன்னாடி பந்தைக் கொடுக்கிறதும்தான் வேலை. கேப்டன்னா தானே எல்லா ரெய்டும் போகணும், தானே ஓப்பனிங் இறங்கணும், தானே கடைசி ஓவர் போடணும்னு நினைக்கிறவங்க இந்தப் பட்டியலை ஒரு தடவை ஞாபகம் வெச்சுக்கணும்.

3. நம்பி ஒப்படைக்கணும்

2025 நவம்பர் 2, நவி மும்பை. பெண்கள் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. தென் ஆப்பிரிக்கா மெதுவா இலக்கை நோக்கி நகர்ந்துட்டு இருந்தது. கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் பந்தைத் தூக்கி ஷஃபாலி வர்மா கையில கொடுத்தார். ஷஃபாலி முதன்மை பௌலர் கிடையாது. இன்னும் சொல்லப்போனா, அந்த உலகக்கோப்பைக்கு முதல்ல அறிவிச்ச அணியிலேயே அவர் இல்லை. பிரதிகா ராவலுக்குக் காயம் ஆனதால அரையிறுதிக்கு முன்னாடி உள்ள வந்தவர். பேட்டிங்ல 87 ரன் அடிச்சு அன்னிக்கு அவருக்குக் கை நல்லா இருந்தது. அதை கேப்டன் கவனிச்சார். ஷஃபாலி அடுத்தடுத்து ரெண்டு முக்கிய விக்கெட் எடுத்தார். இந்தியா 52 ரன் வித்தியாசத்துல கோப்பையை ஜெயிச்சது.

பந்து அடி வாங்கியிருந்தா? ஹர்மன்பிரீத்தைத்தான் எல்லாரும் திட்டியிருப்பாங்க. அந்தத் திட்டை வாங்கிக்கத் தயாரா இருந்ததாலதான் அவரால அந்த முடிவை எடுக்க முடிஞ்சது. ஊர் டீம்லயும் இப்படித்தான். புதுசா வந்த பையனுக்கு ஒரு ரெய்டு கொடுங்க. அவன் அவுட் ஆனா, ``நான்தான் அனுப்பினேன்''னு சொல்லுங்க. அடுத்த தடவை அவன் உங்களுக்காக ஓடுவான்.

4. ஜெயிக்கிறதை விட நேர்மை பெருசுன்னு ஒரு தடவையாவது காட்டணும்

2011-ல் இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல நடந்த டெஸ்ட். தேநீர் இடைவேளைக்கு முந்தின கடைசிப் பந்து. பவுண்டரி போயிடுச்சுன்னு நினைச்ச இயான் பெல், கிரீஸை விட்டு வெளியே நடந்துட்டார். பந்து எல்லையைத் தொடலை. இந்திய அணி ஸ்டம்பைத் தட்டி அவுட் கேட்டது. சட்டப்படி அவுட்தான். பெல் அப்போ 137 ரன்ல இருந்தார். இடைவேளையில அணியோட பேசி, தோனி அந்த அப்பீலை வாபஸ் வாங்கினார். பெல் மறுபடி ஆட வந்தார். அந்த மேட்ச்ல இந்தியா தோத்தும் போச்சு.

ஆனா 2020-ல் கடந்த பத்தாண்டுகளின் சிறந்த `ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்' விருதை ஐசிசி அதுக்காகத்தான் தோனிக்குக் கொடுத்தது. அந்த டெஸ்ட்டோட ஸ்கோர் இன்னிக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அந்த வாபஸ் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

5. பதவி போனாலும் ஆட்டத்தை விடக் கூடாது

நம்ம சென்னைக்காரர் வெங்கட்ராகவன், 1975, 1979 ரெண்டு உலகக்கோப்பையிலயும் இந்தியாவின் கேப்டன். 1979 இங்கிலாந்து பயணம் முடிஞ்சு திரும்பி வரும்போது, கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போயிடுச்சுங்கிற செய்தி விமானத்துக்குள்ளேயே அறிவிப்பா வந்தது. சக ஆட்டக்காரர்கள் எல்லாரும் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது! வேற யாரா இருந்தாலும் கோவிச்சுக்கிட்டு ஒதுங்கியிருப்பாங்க. அவர் அதுக்கு அப்புறமும் மத்தவங்க தலைமையில இந்தியாவுக்கு ஆடினார். ஓய்வுபெற்ற பிறகு நடுவர் ஆனார். 57 டெஸ்ட் ஆடினவர், 73 டெஸ்ட்ல நடுவரா நின்னார்.

`கேப்டன் பதவி இல்லேன்னா நான் வரலை'ன்னு சொல்லி டீமை ரெண்டா உடைக்கிறவங்க எல்லா ஊர்லயும் உண்டு. பதவி போன மறுநாள் ஒருத்தர் எப்படி நடந்துக்கிறார்ங்கிறதுதான், அவர் அதுவரைக்கும் எப்படிப்பட்ட தலைவரா இருந்தார்னு காட்டும்.

பொறுப்புகள்: இதெல்லாம் உங்க தலையிலதான்!

உயிர்தான் முதல்ல

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கோப்பையில டென்மார்க் - ஃபின்லாந்து ஆட்டம். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஆடிக்கிட்டு இருக்கும்போதே சுருண்டு விழுந்தார். இதயம் நின்னுடுச்சு. கேப்டன் சைமன் கேர் ஓடிப்போய் அவர் மூச்சுப்பாதை அடைபடாம பார்த்துக்கிட்டார். மருத்துவக் குழு வந்ததும், கேமராக்கள் எரிக்சனைக் காட்டாதபடி ஆட்டக்காரர்களைச் சுத்தி வளையமா நிக்க வெச்சார். கண்ணீரோட மைதானத்துக்கு வந்த எரிக்சனின் துணைவியைத் தேத்தினார். எரிக்சன் பிழைச்சார். அன்னிக்கு டென்மார்க் தோத்தது. ஆனா அந்தத் தொடர்ல அரையிறுதி வரைக்கும் போச்சு.

நம்ம கடற்கரை ஊர்ல மைதானத்துல டாக்டர் இருக்க மாட்டார். வெயில் இருக்கும். அதனால கேப்டனுக்கு இந்த அடிப்படை தெரிஞ்சே ஆகணும்:

* காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரைக்கும் மே மாச வெயில்ல மேட்ச் வைக்க ஒத்துக்காதீங்க. டோர்னமென்ட் நடத்துறவங்ககிட்ட கேப்டன்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டா நேரம் மாறும்.

* ஒருத்தர் உளறினா, தள்ளாடினா, உடம்பு கொதிச்சு மயங்கினா அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டு போங்க. டி-ஷர்ட்டைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. மயக்கத்துல இருக்கிறவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க.

* தலையில அடிபட்டவர் ``எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, ஆடுறேன்''னுதான் சொல்லுவார். நீங்கதான் `வேணாம்'னு சொல்லணும்.

இதுக்காக ஒரு மேட்ச் போனா போகட்டும்.

டீம்ல யாருக்கு இடம்?

நிறைய பேர் பேசத் தயங்குற விஷயம் இது. ஆனா மரக்காணம் பத்தி எழுதிட்டு இதைப் பேசாம போக முடியாது.

2013 ஏப்ரல்ல இதே மரக்காணத்துல, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில சாதி மோதல் வெடிச்சுது. வீடுகள் எரிஞ்சது, உயிரும் போச்சு. இன்னிக்கு 18, 20 வயசுல ஆடுறவங்க அப்போ சின்னக் குழந்தைங்க. அவங்க கையிலதான் இப்போ டீம் இருக்கு. ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம், குப்பத்துக்கு ஒரு டீம்னு தமிழ்நாடு முழுக்கவே ஆட்டம் பிரிஞ்சு கிடக்கு. அதை ஒரே நாள்ல யாராலயும் மாத்த முடியாது. ஆனா 12 பேர் பட்டியல் எழுதுற பேனா கேப்டன் கையில இருக்கு.

இது நூறு வருஷத்துப் பழைய கதை. பல்வங்கர் பாலூன்னு ஒரு இடதுகை சுழற்பந்து வீச்சாளர். தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில 100 விக்கெட்டுக்கு மேல எடுத்தவர். ஆனா அவர் ஆடத் தொடங்கின காலத்துல, புனேயில சக ஆட்டக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கும்போது, அவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளையில டீ. எவ்வளவு ஜெயிச்சுக் கொடுத்தாலும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவியை அவருக்குத் தரலை. 1920-ல் அவரை அணியிலிருந்து நீக்கினதும், தம்பிங்க எதிர்ப்பு தெரிவிச்சு விலகினாங்க. பிறகு பாலூவைத் திரும்பக் கூப்பிட்டுத் துணை கேப்டன் ஆக்கினாங்க. 1923-ல் தம்பி விட்டலுக்கு கேப்டன் பதவி வந்தது. அந்த வருஷம் அணி கோப்பையையும் ஜெயிச்சது.

இப்போ உங்க டீமுக்கு வாங்க. ஒரே தண்ணி பாட்டில்தானே எல்லாருக்கும்? மேட்ச் முடிஞ்சு யார் வீட்டுலயாவது சாப்பாடுன்னா எல்லாரும் உள்ளேதானே உட்கார்றீங்க? ஒருத்தனை மட்டும் ஃபீல்டிங்குக்கே வெச்சுக்கிட்டு பேட்டிங் கொடுக்காம இருக்கீங்களா? கையில போட்ட கயிறு என்ன கலர், டி-ஷர்ட்ல யார் படம்னு பார்த்து ஆள் எடுக்கிறீங்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கேப்டன்தான் சொல்லணும். திறமையை மட்டும் பார்த்து எழுதின ஒரு பட்டியல், ஊர்ல பத்துக் கூட்டம் போட்டாலும் நடக்காத ஒண்ணை நடத்திக் காட்டும்.

பொண்ணுங்க டீமுக்கும் மைதானம் வேணும்

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கினப்போ, துணை கேப்டன் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. நகரத்துக்கு வெளியே ஒதுக்கி வெச்ச குடியிருப்புன்னு பேரெடுத்த இடத்தை நாடு முழுக்கப் பேச வெச்சுட்டார்.

உங்க ஊர்ல எத்தனை கார்த்திகாக்கள் எட்டாவதோட ஆட்டத்தை நிறுத்தியிருக்காங்க? பசங்க டீம் கேப்டன் செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் மைதானத்தைப் பொண்ணுங்களுக்கு விட்டுக் கொடுங்க. கரையில நின்னு கேலி பண்றவனை உங்க டீம் ஆளா இருந்தாலும் கிளப்பி விடுங்க. பொண்ணுங்க டீமோட கேப்டனுக்குக் கூடுதல் வேலை: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், யார் கூட வீட்டுக்கு வருவாங்கன்னு ஒவ்வொரு அம்மாகிட்டயும் போய்ச் சொல்லணும். அந்த நம்பிக்கை வந்துட்டா பாதி டீம் தானா வந்துடும்.

காசு கணக்கு

ஊர் டீம்கள் உடையறதுக்குத் தோல்வியை விட பணம்தான் அதிகக் காரணம். நுழைவுக் கட்டணம், ஜெர்சி, வண்டி வாடகை, பரிசுத் தொகை. எல்லாத்தையும் கேப்டனே வெச்சுக்காதீங்க. கணக்குக்கு இன்னொருத்தரைப் போடுங்க. வரவு, செலவை அன்னன்னிக்கே டீம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. ஜெர்சிக்கு ஸ்பான்சர் கொடுக்கிறவர் பேரைப் பின்னாடி போடலாம். அவர் சொல்ற ஆளை டீம்ல போடக் கூடாது.

இன்னொரு விஷயம். கிராம ஊராட்சிகளுக்கு 2024-லிருந்து தமிழ்நாடு அரசு கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கு. அது உங்க ஊராட்சிக்கு வந்ததா, பீரோவுக்குள்ளேயே இருக்கான்னு போய்க் கேட்க வேண்டியது கேப்டன் வேலை. முதலமைச்சர் கோப்பை மாதிரி போட்டிகளுக்கு நேரத்துக்குப் பதிவு பண்றதும் அப்படித்தான். `எங்களுக்குத் தெரியவே தெரியாதுண்ணே'ன்னு டீம் பசங்க பிறகு சொல்ற நிலைமை வரக் கூடாது.

ஜெயிச்ச ராத்திரி, தோத்த ராத்திரி

தோத்த அன்னிக்கு கேப்டன் முதல்ல செய்ய வேண்டியது, எதிரணி கேப்டனுக்குக் கை கொடுக்கிறது. அடுத்தது, குரூப்ல வாய்ஸ் நோட் போர் நடக்காம பார்த்துக்கிறது. யார் கேட்ச் விட்டாங்கங்கிற விசாரணையை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. பாதிக் கோபம் தானா வடிஞ்சிருக்கும். தப்பைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. பாராட்டை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.

ஜெயிச்ச அன்னிக்கு வேற ஆபத்து. `பரிசுப் பணத்துல பார்ட்டி'. 2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்துல கள்ளச்சாராயம் எத்தனை வீட்டை இருட்டாக்கிச்சுன்னு இந்தக் கரைக்குத் தெரியும். பரிசுப் பணத்துல ஒரு ரூபாயும் குடிக்குப் போகாதுன்னு சீசன் தொடங்கும்போதே சொல்லிடுங்க. பிரியாணி போடுங்க, மிச்சத்துல ஒரு நல்ல நெட் வாங்குங்க. டீம்ல 15 வயசுப் பையனும் இருக்கான், அவன் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கான்.

மழைக்காலத்துல?

வடகிழக்குப் பருவமழை வந்தா உப்புப் பாத்தியெல்லாம் தண்ணி. வேலையும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஆனா டீம் இருக்கணும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, இந்தக் கடற்கரை முழுக்க அடி வாங்குச்சு. அந்த மாதிரி நாள்ல, ஒரே குரூப்ல இருக்கிற, ஓடக்கூடிய, ஒரு குரலுக்குக் கட்டுப்படுற 15 இளைஞர்களைவிட ஊருக்கு உபயோகமானது என்ன இருக்கு? வயசானவங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போறதுக்கும், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போறதுக்கும் டீமை அழைக்க ஒரு ஆள் வேணும். அது கேப்டன்.

அடுத்த கேப்டனை உருவாக்கணும்

நீங்க வேலைக்கோ படிக்கவோ சென்னைக்குக் கிளம்பிட்டா டீம் நிக்குமா? நிக்காதுன்னா, நீங்க இன்னும் வேலையை முடிக்கலைன்னு அர்த்தம். சின்ன மேட்ச்கள்ல துணை கேப்டனை டாஸுக்கு அனுப்புங்க. ஃபீல்டு செட்டிங்கை அவர்கிட்ட விட்டுட்டு நீங்க ஓரமா நில்லுங்க. 2023 ஐபிஎல் கோப்பையை வாங்க, தோனி அம்பத்தி ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னாடி அனுப்பினதை நாம எல்லாரும் டிவியில பார்த்தோம். 2025 உலகக்கோப்பையை ஹர்மன்பிரீத் அணி, தங்களுக்கு முன்னாடி ஆடி கோப்பை கிடைக்காமலே ஓய்வுபெற்ற மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி கையிலயும் கொடுத்துச்சு. முன்னாடி இருந்தவங்களையும் பின்னாடி வரப்போறவங்களையும் ஞாபகம் வெச்சிருக்கிறதும் தலைமைதான்.

மேட்ச் நாள் செக் லிஸ்ட்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க!

மேட்ச்சுக்கு முன்னாடி: அரை மணி நேரம் முன்னாடி வந்துடுங்க. தண்ணி, ஓஆர்எஸ், ஐஸ், கட்டுத்துணி இருக்கான்னு பாருங்க. எல்லார்கிட்டயும் பேசுங்க. ஆடுற அணியை நேருக்கு நேரா அறிவிங்க. வெளியே உட்கார்றவங்களுக்குக் காரணத்தையும் சொல்லிடுங்க. அவசரத்துக்கு எந்த வண்டி, யார் ஓட்டுறதுன்னு முடிவு பண்ணுங்க.

மேட்ச்ல: நடுவர்கிட்ட நீங்க மட்டும் பேசுங்க. தப்பு பண்ணவன் பக்கத்துல போய் முதுகுல தட்டிட்டு வாங்க. வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் ஒரு வேலை கொடுங்க. கைகலப்பு வந்தா முதல்ல உங்க ஆளுங்களை இழுங்க, எதிரணியை இல்லை.

மேட்ச்சுக்கு அப்புறம்: நடுவர், எதிரணி, மைதானம் தயார் பண்ணவங்க எல்லாருக்கும் நன்றி சொல்லுங்க. அடிபட்டவங்களை வீடு வரைக்கும் கொண்டு போய் விடுங்க. கணக்கைக் குரூப்ல போடுங்க. பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்கிட்டுக் கிளம்புங்க. மழை வந்தா அது நேரா கழுவெளிக்கும் கடலுக்கும்தான் போகும்.

கபடியில ஒரு அழகான விதி இருக்கு. நீங்க ஒருத்தரை அவுட் ஆக்கினா, வெளியே உட்கார்ந்திருக்கிற உங்க ஆள் ஒருத்தர் உள்ளே வருவார். உங்க ஊர் டீம்ல இந்த வருஷம் வெளியே உட்கார்ந்திருக்கிறவங்க யார் யார்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க, கேப்டன். அவங்களை உள்ளே கொண்டு வர்ற வேலை உங்களுக்குக் காத்துக்கிட்டு இருக்கு.